வெள்ளைத் தொப்பிக்காரர்

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அதை அதன் இடத்தில் சொல்கிறேன். மற்ற நேரமெல்லாம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் அவர் பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே, ஏரியைத் தூர்த்தும் தூர்க்காமலும் வீடுகள் முளைத்த புறநகர். அங்கே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளமும் அதன்மேல் ஐந்து மாடியுமாக ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. 18.3 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் என்று 2019-ஆம் வருட விதிகள் சொல்வதால், அந்த உயரத்துக்குக் கீழேயே நின்றுகொள்ளும் கட்டடங்கள் இந்தப் பக்கம் ஏராளம். எதிரே டீக்கடை. சைட் ஆபீஸ் ஒரு தகரக் கன்டெய்னர்; காலை பத்து மணிக்கு மேல் உள்ளே மனிதன் உட்கார முடியாது. அதனால் கட்டடத்தின் முக்கால்வாசித் தீர்மானங்கள் டீக்கடையில்தான் நடக்கின்றன. கையில் பேப்பரோடு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது வசதி.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் வெள்ளை ஹெல்மெட். கூலியாட்களுக்கு மஞ்சள், இன்ஜினியர்களுக்கு வெள்ளை என்பது சைட் வழக்கம். சட்டைப் பையில் அரைக்கையளவு டைரி, ஒரு சிவப்புப் பென்சில். இரண்டு போன், ஒன்று எப்போதும் குப்புறக் கிடக்கும். அவருடைய பதவி ப்ராஜெக்ட் மேனேஜர். டீ மாஸ்டருக்கு அவர் 'வெள்ளைத் தொப்பி சார்'.

இவருக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். காலையில் வந்ததும் யாராவது ஒருவரைப் பிடித்துத் திட்டாமல் அவருக்கு டீ இறங்காது. திட்டுக்குப் பயந்து வேலை வேகமாக நடந்தது என்றுதான் முதலாளி நினைத்தார். ஆனால் அந்தப் பயம் வேறொரு வேலையையும் செய்தது: யாரும் எதையும் சொல்லவில்லை. முதல் மாடித் தளத்தில் ஒரு கழிவறைக்குத் தரையைத் தாழ்த்தி வார்க்க வேண்டியதை விட்டுவிட்டார்கள். சென்ட்ரிங் போட்டவருக்குத் தெரியும், கம்பி கட்டியவருக்குத் தெரியும், சூப்பர்வைசர் பையனுக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. பிளம்பர் குழாய் வைக்கப் போனபோதுதான் வெளியே வந்தது. தளத்தை உடைக்கும் சத்தம் இந்தத் தெருவுக்கு ஒரு வாரம் கேட்டது. அவர் போய் இவர் வந்தார்.

வந்த முதல் வாரம் இவர் செய்ததாக எனக்குக் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். காலை ஏழரை மணிக்கு மேஸ்திரி, சென்ட்ரிங் கான்ட்ராக்டர், கம்பி கட்டுபவர், எலெக்ட்ரீஷியன், சூப்பர்வைசர் பையன் எல்லாரையும் டீக்கடைக்கு அழைத்துவந்து நிற்க வைத்தே டீ வாங்கிக் கொடுத்தார். உட்கார்ந்தால் பேச்சு நீளும். "நேத்து என்ன நடந்துச்சு" என்று கேட்கவில்லை. "இன்னிக்கு எதுல மாட்டுவோம்?" என்று கேட்டார். முதல் நாள் எல்லாரும் "ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பையன்தான் தயங்கித் தயங்கி, ஒரு படுக்கையறைக் கூரையில் ஃபேன் பாக்ஸ் வைக்க விட்டுப்போச்சு என்று சொன்னான். எலெக்ட்ரீஷியன் அவனை முறைத்தார். இவர் டைரியில் எழுதிக்கொண்டு, "நல்லவேளை தம்பி, கம்பிக்கு மேல கான்கிரீட் விழறதுக்கு முன்னாடி சொன்ன. அண்ணனோட போயி நீயே வெச்சுட்டு வா" என்றார். அவ்வளவுதான். எலெக்ட்ரீஷியனிடம் பிறகு தனியாக என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெஞ்சை விட்டு எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து காலை டீயில் "ஒண்ணும் இல்ல சார்" குறைந்தது.

கன்டெய்னர் உள்சுவரில் பெரிய தாளில் அச்சடித்த திட்ட அட்டவணை ஒட்டியிருக்கிறது. இடமிருந்து வலமாக நீலப் பட்டைகள். நூறு வருடங்களுக்கு முன் ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கர் பரப்பிய அதே பட்டை அட்டவணைதான். முதலாளி வந்தால் அதன்முன் நிற்பார். அதற்குப் பக்கத்தில் 'இன்னும் இத்தனை நாள்' என்று நாள் குறைந்துகொண்டே வரும் பலகை ஒன்று. டெல்லி மெட்ரோவில் ஸ்ரீதரன் அப்படி வைத்தார் என்று முதலாளி எங்கோ படித்திருக்கிறார். ஸ்ரீதரன் என்றால் பாம்பன்தான் எனக்கு நினைவு வரும்: 1964 டிசம்பர் புயல் அடித்துப்போன பாலத்தை, கடலில் விழுந்த கர்டர்களை மீட்டெடுத்து 46 நாளில் ரயில் ஓடவைத்தார். அந்தக் காலத்தில் அவருக்குப் பலகை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இங்கே பலகையின் ஆணியில் செக்யூரிட்டி தன் சட்டையை மாட்டுகிறார்.

வெள்ளைத் தொப்பிக்காரரின் அட்டவணை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டில்ட்டில், இன்னும் பூசாத ஒரு செங்கல் சுவரில். சாக்கட்டியால் கட்டம் போட்டு, அடுத்த மூன்று வாரத்துக்கு மட்டும் எழுதுகிறார். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு ஆளின் பெயர், அந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு சொல்: 'மணல்', 'டிராயிங்', 'பணம்', 'ஐயா'. ஐயா என்றால் நிலத்துக்காரர். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னச் சின்னப் படங்களும் உண்டு. செங்கலுக்கு ஒரு கட்டம், குழாய்க்கு இரண்டு கோடு. ஆட்கள் மதியம் சாப்பிடுவது அந்தச் சுவரின் எதிரில். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

செப்டம்பரில் மூன்றாம் மாடிக்கான தளம் போட்ட நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேதி குறித்தது நிலத்துக்காரர். கூட்டு ஒப்பந்தத்தில் பாதி வீடுகள் அவருக்கு. திங்கட்கிழமை, வளர்பிறை, ஆனால் ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம், அதற்கு முன்பே கான்கிரீட் விழ ஆரம்பித்துவிட வேண்டும் என்றார். ரெடிமிக்ஸ் லாரியோ நெரிசல் நேரத்தில் நகரச் சாலையில் ஓடக்கூடாது. காலைத் தடை முடிந்த பிறகே முதல் வண்டி வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வேறொரு மேனேஜராக இருந்தால் ஐயாவோடு வாதாடியிருப்பார், அல்லது போலீஸை நொந்துகொண்டிருப்பார். இவர் ஆறரை மணிக்கே ஐயாவை மேலே அழைத்துப்போய், கற்பூரம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, கையால் கலந்த ஒரு பாண்டு கலவையை ஈசானிய மூலையில் அவர் கையாலேயே கொட்ட வைத்தார். ஐயாவுக்குப் பரம திருப்தி. காரில் ஏறிப் போனார். அவர் தலை மறைந்ததும் சித்தாள் அக்கா ஒருத்தி அந்தக் கலவையைக் கரண்டியால் சுத்தமாக வழித்தெடுத்துக் கீழே கொண்டுவந்தாள். அது அங்கேயே தனியாக இறுகினால் பிற்பாடு விழும் கான்கிரீட்டோடு ஒட்டாது. இதை யாரும் சொல்லி நடந்ததாகத் தெரியவில்லை. முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

பத்தரைக்கு மேல் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒரு வண்டியில் ஆறு கன மீட்டர். மொத்தம் எட்டு வண்டி வேண்டும். தெருவின் பாதியை பம்ப்பின் நீளக் கை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு வண்டி வந்ததும் சூப்பர்வைசர் பையன் ஒரு அடி உயரக் கூம்பில் கலவையை நிரப்பிக் கம்பியால் குத்தி, கூம்பைத் தூக்கிவிட்டு, கலவை எவ்வளவு உட்காருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தான். கூடவே ஆறங்குலக் கனசதுர அச்சுகளிலும் கொஞ்சம் நிரப்பி வைத்தான். முதல் நான்கு வண்டிகள் சுலபமாகப் போயின.

ஐந்தாவது வண்டி எங்கோ பாலத்தடியில் மாட்டிக்கொண்டது. வந்து நின்றபோது, ஆலையில் ஏற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரெடிமிக்ஸ் என்றால் ஏற்றிய இரண்டு மணிக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கூம்பைத் தூக்கினால் கலவை உட்காரவே இல்லை, அப்படியே நிற்கிறது. பம்ப் ஓட்டுபவர் பழகிய கையோடு தண்ணீர்க் குழாயை இழுத்தார். நாலு குடம் தண்ணீர் விட்டால் கலவை இளகிப் பாய்ந்துவிடும். இறுகிய பிறகு பலம் மட்டும் குறைந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. நம்மூரில் எத்தனை கூரைகளில் இப்படித் தண்ணீர் போயிருக்கிறது என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

வெள்ளைத் தொப்பிக்காரர் ஒன்றும் பேசாமல் போய்க் குழாயின் திருகை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ரெடிமிக்ஸ் ஆள் கத்தினார்: "சார், வண்டி சரக்கு யாரு பொறுப்பு? எனக்கு நஷ்டம் சார்!" இவர் டெலிவரி சீட்டில் ஏற்றிய நேரத்தை விரலால் காட்டினார். வண்டி திரும்பிப் போயிற்று.

இனி அடுத்த வண்டி? ஆலைக்காரன் போனில் சொன்ன நேரத்தைக் கணக்குப் போட்டால் மாலைத் தடைக்கு முன்னால் மிச்ச சரக்கு வந்து சேராது. மேலே இருபது ஆட்கள் கலவையைப் பரப்பிக்கொண்டு நிற்கிறார்கள். பாதித் தளம் ஈரம், பாதித் தளம் வெறும் கம்பி. அப்போதுதான் நான் எழுந்து ரோட்டின் அந்தப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். விளிம்புப் பலகையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது. வண்டி வராமல் போனால் எங்கே நிறுத்துவது என்று இரண்டு நாள் முன்னமே டிசைன் இன்ஜினியரைக் கூப்பிட்டு, உத்தரத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில், இடம் குறித்துக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நிற்க வைக்க வேண்டிய தடுப்புப் பலகையும் வெட்டி மூலையில் சாய்த்து வைத்திருந்தது. மேஸ்திரிக்கு மேலே ஒரு கை அசைப்பு, பலகை இறங்கியது, கலவை அந்தக் கோட்டில் நின்றது.

மாலையில் ஐயா வந்தார். ஒரே நாளில் முடியாத தளம் வீட்டுக்கு ஆகாது என்றார். இவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை விரித்து, "ஐயா, இது நின்னுபோன இடம் இல்ல. நிறுத்தின இடம்" என்றார். ஐயாவுக்கு வரைபடம் புரிந்ததோ இல்லையோ, முந்தாநாள் தேதி போட்ட கையெழுத்து புரிந்தது. மறுநாள் காலை ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமென்ட் பால் அடித்து, மிச்சத்தையும் போட்டு முடித்தார்கள்.

அவர் கத்தியது அதற்கு நாலு நாள் கழித்து. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். இப்போது கடையில் கிடைக்கும் கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயக்கூடாது. மோட்டார் பழுதாகி ஒன்றரை நாளாகப் பாத்தி வறண்டு கிடந்திருக்கிறது. ஸ்டோர்காரருக்குத் தெரியும். சார் வேறு டென்ஷனில் இருக்கிறார், ஆளைக் கூட்டிவந்து சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். நல்லெண்ணம்தான். "மோட்டார் கெட்டுப்போகும்யா! எல்லா மோட்டாரும் கெட்டுப்போகும்! எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?" டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் லாரி ஒன்று தெருவில் திரும்பியது. ஸ்டோர்காரருக்கு அன்று மதியம் பிரியாணிப் பொட்டலம் இவர் கணக்கில் போயிற்று. இந்த இரண்டாவது காரியத்தை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. திட்டினால் திட்டியதாக இருக்கட்டும், பிரியாணி எதற்கு? ஆனால் அந்த ஸ்டோர்காரர் இப்போது ஆணி தீர்ந்தால்கூடப் போன் செய்கிறார்.

ஏழாம் நாள் அந்தக் கனசதுரங்களை லேபில் நசுக்கிப் பார்த்த அறிக்கை வந்தது. தளத்துக்குப் போட்ட கான்கிரீட் எம்25; அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். ஏழு நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்காவது எதிர்பார்ப்பார்கள், அதாவது பதினாறு பதினேழு. வந்தது பதிமூன்று.

பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் சென்ட்ரிங் கான்ட்ராக்டர், அந்தப் பக்கம் இவர். சென்ட்ரிங் கான்ட்ராக்டரின் கஷ்டமும் நியாயமானது. அவருடைய இரும்பு ஷீட்டும் ஜாக்கி முட்டும் அந்தத் தளத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கின்றன. அதைப் பிரித்தால்தான் அடுத்த மாடிக்கு அடிக்கலாம், அடித்தால்தான் பில். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு ஏழு நாளில் முட்டெடுக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது அவருக்கும் மனப்பாடம். ஆனால் அதே விதி உத்தரத்துக்குப் பதினான்கு நாளும், ஆறு மீட்டருக்கு மேற்பட்டால் இருபத்தொன்றும் கேட்கிறது. அதுவும் சாதாரண சிமென்டுக்குச் சொன்னது. "சார், இந்தச் சிமென்டு மெதுவாத்தான் ஏறும். இருபத்தெட்டுல வந்துடும் சார். எத்தன பில்டிங்கு பாத்திருக்கோம்" என்றார். வந்துவிடும் என்றுதான் இவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

ஆனால் போனை எடுத்தார். முதலில் டிசைன் இன்ஜினியருக்கு. அப்புறம், டீ ஆறிப்போகும் வரை யோசித்துவிட்டு, முதலாளிக்கு. முதலாளியிடம் செய்தி சொல்வதில் அவருக்கு ஒரு முறை உண்டு. குழந்தைக்கு மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பது போல. முதலில் என்ன நடந்தது, ஒரே வாக்கியம். அடுத்து, இதனால் எத்தனை நாள், எவ்வளவு பணம். மூன்றாவதாக, தான் என்ன செய்யப்போகிறார். "என்ன பண்ணட்டும்?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. அன்று சொன்னது: முட்டு எதையும் எடுக்கப்போவதில்லை, மேலே ஒரு செங்கல்கூட ஏற்றப்போவதில்லை, ஆட்களை முதல் மாடிச் சுவர் வேலைக்கு இறக்குகிறேன், சென்ட்ரிங்காரருக்கு இன்னொரு செட் முட்டு வாடகைக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும், அந்த வாடகை நம் கணக்கு.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சு எனக்கே கேட்டது. பத்து ஆளைக் கூடப் போட்டால் போன நாளைப் பிடித்துவிடலாமே என்றார் முதலாளி. ஐ.பி.எம்.மில் ஒரு பெரிய மென்பொருள் வேலையை நடத்திப் பார்த்த ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே புத்தகம் எழுதிவிட்டார். மென்பொருள் கம்பெனிகள் வரிசைகட்டிய பழைய மகாபலிபுரம் சாலையில் பாதிப் பேருக்கு அது தெரியும். கான்கிரீட்டுக்குப் புத்தகமே வேண்டியதில்லை. இருபது ஆள் சுற்றி நின்றாலும் அது தன் நாளில்தான் இறுகும்.

இதை எழுதும்போது மவுலிவாக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2014 ஜூன் 28. கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த நிலம் தாங்குமா, அந்தத் தூண் தாங்குமா என்ற சந்தேகம் அங்கே வேலை செய்த யாருக்காவது வந்திருக்குமா, வந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பார்களா என்று யோசிப்பேன்.

28-ஆம் நாள் அறிக்கையில் இருபத்தேழு வந்தது. தேவைக்கு மேலேயே. முதலாளி நேரில் வந்திருந்தார். "வீணா பயந்துட்டீங்க. மூணு வாரம் போச்சு, முட்டு வாடகை வேற" என்றார். "ஆமா சார்" என்றார் இவர். வேறொன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி இவருக்காகப் பரிந்து பேச வாயெடுத்தார். இவர் அவர் கையில் டீ கிளாஸைக் கொடுத்து அடக்கினார். வராமல் போன விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? அப்படிப்பட்ட கணக்கை எந்த முதலாளியின் அட்டவணையிலும் எழுத இடமில்லை. இந்த இடத்தில் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஏதாவது சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, பார்க்க வந்தவன் பஞ்சாயத்துக்குப் போகக்கூடாது.

ஆள் பற்றாக்குறை என்று எல்லா சைட்டிலும் புலம்புவார்கள். கம்பி கட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் பீகார். கொஞ்சம் பேர் வங்காளம், ஒடிசா. தீபாவளிக்குக் கிளம்பினால் அதற்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜையை முடிக்காமல் திரும்ப மாட்டார்கள். சிலர் திரும்பவே மாட்டார்கள். பக்கத்து சைட்டில் ஊருக்குப் போகிறவனின் ஒரு மாதக் கூலியைப் பிடித்து வைப்பார்கள், திரும்பி வரட்டும் என்று. இவர் செங்கல் சுவரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் சட், ஹோலி, துர்கா பூஜை மூன்றையும் குறித்து வைத்திருந்தார். லேபர் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, பாதிப் பேர் சட்டுக்கு, பாதிப் பேர் ஹோலிக்கு என்று அவர்களே தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும் என்றார். போக வர டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து, கூலியைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்து அனுப்பினார். சட்டுக்குப் போனவர்களில் இரண்டு பேர் வரவில்லை. அவர்களுடைய திரும்பும் டிக்கெட் பணம் போயிற்று. மற்றவர்கள் வந்தார்கள், ஒருவன் தம்பியையும் கூட்டிக்கொண்டு.

அவருடைய இந்தி சகிக்காது. "பையா, ஏ கம்பி... அச்சா நஹி... கழட்டு" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே கழட்டுவார்கள்.

எம்-சாண்ட் விலை ஏறியது, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம், பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் என்று புகார், வார்டு ஆட்கள் வந்து ரோட்டில் ஜல்லி கொட்டியதற்கு அபராதம் – இவையெல்லாம் வந்தன, போயின. பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் ஒன்று: கடைக்கால் தோண்டும் முன்பே அவர் வீட்டுச் சுவர்களையெல்லாம் போட்டோ எடுத்து, அவரிடமே ஒரு பிரதி கொடுத்து வைத்திருந்தார்களாம். போட்டோவில் அந்த விரிசல் அப்போதே இருந்தது. அதைக் காட்டி ஜெயித்ததோடு நிறுத்தாமல், வெள்ளைத் தொப்பிக்காரர் அந்த விரிசலையும் தன் கொத்தனாரை அனுப்பி அடைத்துக் கொடுத்தார். பத்துக் கரண்டிக் கலவையில் முடிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளிப்பூச்சு நின்றது. ஆட்கள் உள்ளே பூசினார்கள்.

வீடு வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். குடும்பத்தோடு, குழந்தைகளோடு, சிலர் வாஸ்து பார்ப்பவரோடு. விற்பனைக்கு வந்த பையன் தையில் கிரகப்பிரவேசம் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறான். தையைத் தவறவிட்டால் பங்குனிக்குத் தயக்கம், ஆடிக்கு மறுப்பு என்று நம் காலண்டரில் நல்ல மாதங்கள் கொஞ்சம்தான் தேறும். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்த தேதிக்குள் வீட்டைக் கொடுக்காவிட்டால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கொடுக்க வேண்டும். அந்தத் தேதி அடுத்த ஆடியில் விழுகிறது என்பதால் முதலாளிக்குத் தை என்று சொல்லிவைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. கேட்கிறவர்களுக்கு இனிப்பாக இருக்கும், பணமும் தவணை தவறாமல் வரும்.

போன ஞாயிறு ஒரு தம்பதி டீக்கடை வாசலிலேயே இவரைப் பிடித்துக்கொண்டார்கள். வாடகை வீட்டைத் தை முடிவில் காலி செய்வதாகச் சொல்லிவிடட்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார். இவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"சொல்லாதீங்க மேடம். தையில ஆகாது."

"ஆபீஸ்ல தைன்னாங்களே சார்?"

"மழையில வெளிப்பூச்சு நின்னுடுச்சு. லிஃப்ட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கோம், கம்பெனிக்காரன் இன்னும் தேதி குடுக்கல. வைகாசின்னு வெச்சுக்குங்க. பிள்ளைங்க பரீட்சையும் முடிஞ்சிருக்கும்."

கணவர் கொஞ்ச நேரம் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதித் தருவீர்களா என்றார். இவர் டைரியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார். வைகாசி என்று மட்டும் எழுதவில்லை. எந்த மாதம் என்ன முடிந்திருக்க வேண்டும் என்று நாலைந்து வரி. "இதுல ஏதாவது ஒண்ணு அந்த மாசம் முடியலைன்னா நீங்க எனக்குப் போன் பண்ண வேண்டாம். நானே பண்றேன்" என்றார். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள் என்று சொல்ல முடியாது. அந்த அம்மாள் ஆட்டோவில் ஏறும் வரைக்கும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கால் மணி நேரத்தில் குப்புறக் கிடந்த போன் அதிர்ந்தது. அவர்கள் ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். முதலாளியின் குரல் எனக்கும் டீ மாஸ்டருக்கும் சேர்த்தே கேட்டது.

"வைகாசின்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு?"

இவர் இன்னொரு டீக்குக் கை காட்டினார். "நாளைக்குக் காலையில ஏழரைக்கு வாங்க சார். ஸ்டில்ட் செவுத்துல மிச்ச வேலையெல்லாம் எழுதி வெக்கிறேன். தை வரைக்கும் வருதான்னு நீங்களே எண்ணிப் பாருங்க."